இரண்டு பேரும் சிரிப்பது

ஜூன் 8

அடியே,

நான் எப்ப சொன்னேன், நீ ஓடிப்போயிட்டேன்னு? பக்கத்து வீட்டுத் தையல்காரன், "எங்க, அண்ணிய ஆளையே காணோம்?"னு கேட்டான். "ஓடிட்டா"ன்னேன். அவ்வளவுதான். ரயிலுக்கு நேரமாச்சுன்னு நீ ஓடலையா? ஓடினே. பின்னாடி பையத் தூக்கிட்டு நானும் ஓடினேன். நடந்ததத்தான் சொன்னேன். அவன் பொண்டாட்டி அத உனக்கு ஃபோன் போட்டு வேற மாதிரி சொன்னா அதுக்கு நானா பொறுப்பு? நீ பாப்பாகிட்டச் சொல்லி, பாப்பா எனக்கு நாலு வரி காட்டமா எழுதி... ஒரு வார்த்தை எத்தன பஸ் மாறி வருது பாரு!

இங்க நான் நல்லாத்தான் இருக்கேன். முட்டி மட்டும் படியேறும்போது பாட்டுப் பாடுது. அங்க உன் இடுப்பு எப்படி? பாப்பா கால் கட்டு எப்பப் பிரிப்பாங்க? பிரிச்ச மறுநாள் வண்டியில நீ ஏறணும், சொல்லிட்டேன். பால் பொங்கறத யாராவது நின்னு பாக்கணும்னு எனக்கு இத்தன வருஷமாத் தெரியாது. அதுவாவே பொங்கி அதுவாவே அடங்கும்னு நெனச்சேன்.

ஃபோன் எதுக்கு இருக்குன்னு கேக்காத. ஃபோன்ல நீ "சாப்டீங்களா"ன்னு கேட்டு வெச்சிடறே. கடுதாசின்னா அப்படிப் பாதியில வெக்க முடியாது. உனக்குப் படிக்கத் தெரியாது. பாப்பா படிச்சு முடிக்கற வரைக்கும் உக்காந்துதான் ஆகணும்.

பாப்பா டீச்சரம்மா, உன் வகுப்புப் பிள்ளைங்களுக்கு இங்கிலீசு வார்த்தைக்கெல்லாம் சுலபமா அர்த்தம் வேணும்னு எழுதியிருந்தியே, இந்தா. அஞ்சாவது பாதியில நிறுத்தினவன்னு பாக்காத. பஸ்ல முப்பது வருஷம் இங்கிலீசுலதான் விசிலடிச்சேன்.

நெய்பர்: நம்ம வீட்டுச் சண்டை நமக்கு மறந்தாலும் ஞாபகம் வெச்சிருக்கறவன்.
லேட்: உங்கம்மா "இதோ கிளம்பிட்டேன்"னு சொல்ற நேரம்.
கிச்சன்: உங்கம்மா ஆபீஸ். லீவு கெடையாது.
வைஃப்: சுவிட்ச் இல்லாத ரேடியோ.

இப்போதைக்கு இது போதும். பிள்ளைங்க வயிறு வலிக்கச் சிரிச்சா எனக்குக் கேக்கற மாதிரி எழுது.

இப்படிக்கு,
உன்ன ரயிலேத்திவிட்ட ரிட்டயர்டு கண்டக்டர்


ஜூன் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் முட்டிக்குத் தைலம் வாங்கினீர்களா? என் கால் கட்டை அடுத்த மாதம் பிரிக்கிறார்கள். அதுவரை அம்மா இல்லாவிட்டால் வீட்டில் நடத்தும் வகுப்பை மூடியிருப்பேன். நான் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறேன். எழுந்து நடக்கிற வேலையெல்லாம் அம்மாவுடையது. மூக்கைத் துடைப்பது, அழுகிறவனைத் தூக்குவது, சுவரில் கிறுக்குகிறவளைப் பிடிப்பது எல்லாம்.

வகுப்புக்கு வார்த்தை அட்டைகள் எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். ஒரு பக்கம் ஆங்கில வார்த்தையும் படமும். மறுபக்கம் தமிழில் அர்த்தம், ஒரே மூச்சில் சொல்கிற அளவுக்கு. அதை இன்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். நாளை அவர்களே சொன்னால்தான் அந்த அட்டை டப்பாவுக்குள் போகும். சொல்லாவிட்டால் கிழித்துவிடுவோம். உங்கள் அர்த்தங்களில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை, அப்பா. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களுடையது பெரியவர்களுக்கான சரக்கு.

ஆனால் ஒன்று தெரியுமா? அம்மா சொல்கிறதெல்லாம் நிற்கிறது. "அம்பிரல்லாவுக்கு என்ன எழுதலாம்?" என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, "மழைக்குக் குட்டிக் கூரை"ன்னாள். "சாரி"க்கு "இனிமே செய்ய மாட்டேன்னு சொல்றது"ன்னாள். மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் கோரஸாகச் சொன்னார்கள்.

உங்கள் கடிதத்தை வகுப்பு முடிகிற நேரத்தில் சத்தமாகப் படித்தேன். கூட்டிப்போக வந்த தாய்மார்கள் நின்று கேட்டார்கள். ரேடியோவுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். உங்கள் மாப்பிள்ளை அதை ஆபீஸில் போய்ச் சொல்லியிருக்கிறார். அம்மா அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


ஜூலை 2

அடியே,

ஓஹோ! குட்டிக் கூரையா? கவிஞர் ஆயிட்டியா நீ? இங்க இருந்த வரைக்கும் "குடைய எடுத்துட்டுப் போய்த் தொலைங்க"ன்னுதானே சொன்னே, அந்தக் கூரை அப்ப எங்க போச்சு?

நல்லாத்தான் இருக்கேன். தைலம் வாங்கினேன். தேய்க்கத்தான் ஆள் இல்ல, கை முதுகு வரைக்கும் போகுது, முட்டிக்கு வரமாட்டேங்குது. நீ சுகமா இருக்கறது பாப்பா எழுதினதுலயே தெரியுது.

பாப்பா, அந்தம்மாமாருங்க கேக்கறாங்கன்னா நம்ம வீட்டு மாஸ்டர்பீஸ எடுத்து விடு. உனக்குத் தெரியும், ஆனா என் வாயால கேட்ட மாதிரி படி. கல்யாணம் ஆன புதுசு. டிரைவரும் செக்கரும் நம்ம வீட்டுக்கு வந்திருக்காங்க. உங்கம்மா என்ன பண்றா? எனக்கும் படிக்கத் தெரியுமாக்கும்னு காட்டணும். நாற்காலியில ஜம்முனு உக்காந்து, கால் மேல கால் போட்டு, பேப்பரப் பிரிச்சா பாரு, தலைகீழா! முதல் பக்கத்துல ஒரு மந்திரி தலைகீழா நிக்கறாரு. செக்கர் கேட்டான், "ஏம்மா, அவருக்குக் கிறுகிறுன்னு வராதா?"ன்னு. டிரைவர் டீயத் துப்பிட்டான். அன்னியிலருந்து டிப்போ முழுக்க உங்கம்மா பேரு "தலைகீழ்". எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "தலைகீழ் அக்கா வந்தாச்சா?"ம்பாங்க.

நியூஸ்பேப்பர்னு ஒரு அட்டை போடு. அர்த்தம்: எப்படி வேணாலும் பிடிக்கலாம்.

இப்படிக்கு,
பேப்பர நேரா பிடிக்கறவன்


ஜூலை 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். கட்டு பிரித்தாகிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

நீங்கள் சொன்னபடி உங்கள் குரலிலேயே படித்தேன். நான் கூடச் சிரித்துவிட்டேன். அது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. பெரியவர்கள் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், பிள்ளைகள் அப்படி இல்லை. மறுநாள் காலையில் ஒரு குட்டிப் பெண் ஓர் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்து, "தலைகீழ் ஆயா, இது உங்களுக்கு"ன்னு நீட்டினாள். வகுப்பே சிரித்தது. அம்மா அந்த அட்டையை வாங்கி, நேராகத் திருப்பி, அவள் கையிலேயே கொடுத்தாள். இப்போது அவர்கள் எல்லோருக்கும் அம்மா "தலைகீழ் ஆயா"தான். நான் அதட்டினால் இன்னும் கூடுகிறது.

டிக்கெட் போடட்டுமா என்று கேட்டேன். "அடுத்த மாசம் பாக்கலாம்"ன்னாள். மத்தியானம் பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் அட்டை டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறாள். என்ன செய்கிறாய் என்று கேட்டால், "அடுக்கறேன்"கிறாள்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 6

அடியே,

கட்டுப் பிரிச்சாச்சு. கால் நடக்குது. அப்பறம் எதுக்கு அங்க உக்காந்திருக்கே? பாப்பா ஓடற வரைக்கும் இருக்கப் போறியா? அவ பந்தயத்துலயா கலந்துக்கறா?

நான் சுகம். வீடும் சுகம். பால் பாத்திரம் ரெண்டு போச்சு. ஒண்ணு அடி கருகி, இன்னொண்ண ஊற வெச்சு மறந்து. சட்டையில மேல் பொத்தான் போய், ரௌடி மாதிரி திறந்து விட்டுட்டு நடக்கறேன். தையல்காரன், "கொண்டாங்கண்ணே, நான் வெச்சுத் தர்றேன்"னான். வேணாம்டா, என் வீட்டம்மா வந்து வெப்பான்னுட்டேன். மானத்தக் காப்பாத்து.

சின்னப் பிள்ளைங்க ஏதோ கூப்பிட்டா அதுக்கு ஒரு மூஞ்சியா? டிப்போவுல என்ன "ஒட்டகம்"னு கூப்பிட்டாங்க. நான் என்ன, கழுத்தச் சுருக்கிக்கிட்டா நடந்தேன்?

எந்த ரயில்னு எழுதச் சொல்லு. ஸ்டேஷனுக்கு வர்றேன். பையத் தூக்கறேன். இந்தத் தடவ ஓட வேணாம், மெதுவா நடக்கலாம்.

இப்படிக்கு,
ஒட்டகம்


ஆகஸ்ட் 28

பாப்பாவுக்கு,

நீங்க நல்லா இருக்கீங்களா? போஸ்ட்மேன் நம்ம வாசல்ல நிக்காமலே போறான். கையில ஏதாவது இருக்கான்னு எட்டிப் பாத்தா, "ஒண்ணும் இல்ல பெரியவரே"ங்கறான், பஸ்ஸு ஃபுல்லுன்னு நான் அந்தக் காலத்துல சொல்ற அதே குரல்ல.

போன கடுதாசிய உங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டினியா? ஏதாவது சொன்னாளா? கோவமா? கோவம்னா திட்டச் சொல்லு. திட்டு வாங்கி ரொம்ப நாளாச்சு, காது அடச்சுப் போச்சு.

அப்பா


செப்டம்பர் 10

ஏங்க,

நான்தான் எழுதறேன். பாப்பா இல்ல.

நான் நல்லா இருக்கேன். உங்க முட்டி எப்படி இருக்கு. தைலத்த லேசா சுட வெச்சுத் தேய்ங்க. உக்காந்து தேச்சா கை எட்டும்.

பிள்ளைங்களோட உக்காந்து படிச்சேன். அட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். முதல்ல நம்ம எழுத்து. அப்பறம் இங்கிலீசு. தெரியாதத அந்தக் குட்டிப் பொண்ணுகிட்டயே கேட்டேன்.

உங்க கடுதாசிய இனிமே நானே படிச்சுக்கறேன். சத்தமாப் படிக்க வேண்டாம்னு பாப்பாகிட்டச் சொல்லிட்டேன். பழசெல்லாம் எடுத்துப் படிச்சேன். ரேடியோவ நானே படிச்சேன்.

ஜோக்னு ஒரு அட்டை போட்டோம். அர்த்தம் நான் சொன்னது. ரெண்டு பேரும் சிரிக்கறது. மறுநாள் பிள்ளைங்க எல்லாரும் சொல்லிட்டாங்க. அது டப்பாவுல இருக்கு.

இத எழுத ரொம்ப நாளாச்சு. உடம்பப் பாத்துக்கங்க.

நான்தான்


செப்டம்பர் 17

அடியே!

நெசமாவே நீதானா? நான் நம்பல. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். கோழி ஒண்ணு மையில கால நனச்சுட்டு, எவனோ துரத்த, பேப்பர் மேல ஓடின மாதிரி இருக்கு. பாப்பா கையெழுத்து இல்ல, நிச்சயம். அப்ப ஒண்ணு கோழி, இல்லேன்னா நீ.

சுகந்தான். தைலத்த சுட வெச்சேன், சட்டியும் சேந்து சுட்டுச்சு. நீ எப்படி இருக்கே?

உன் கடுதாசிய இதுக்குள்ளயே வெச்சுத் திருப்பி அனுப்பியிருக்கேன். பயப்படாத, வேணாம்னு இல்ல. திருத்தி அனுப்பியிருக்கேன். தையல்காரன்கிட்ட சிவப்புப் பேனா வாங்கி, எங்கெங்க புள்ளி விட்டிருக்கியோ அங்கெல்லாம் வெச்சிருக்கேன். மேல மார்க்கும் போட்டிருக்கேன் பாரு. பத்துக்கு மூணு. வாத்தியார் இளகின மனசுக்காரர். தையல்காரன் பாத்துட்டு, "அண்ணிக்கு இன்னும் ஒரு மார்க் போடுங்கண்ணே"ன்னான். வேணாம்டா, கெட்டுப் போயிடுவான்னேன்.

ஜோக்குக்கு நீ சொன்ன அர்த்தம் தப்பு. ரெண்டு பேர் சிரிச்சா அது ஜோக்கா? பஸ்ல அறுபது பேர் நிப்பாங்க. நான் ஒண்ணு எடுத்து விட்டா, அம்பத்தொம்பது பேர் சிரிப்பாங்க. சில்லறை இல்லாதவன் ஒருத்தன்தான் முறைப்பான். அவன் ஒருத்தனுக்காக அம்பத்தொம்பது பேர் வாய மூட முடியுமா?

ரயில் எப்பன்னு எழுது. இப்பத்தான் கை வந்துடுச்சே.

இப்படிக்கு,
வாத்தியார்


அக்டோபர் 9

ஏங்க,

நான் நல்லா இருக்கேன். நீங்களும் நல்லா இருப்பீங்கன்னு நெனைக்கறேன்.

சிவப்புப் புள்ளியெல்லாம் பாத்தேன். எங்க விட்டேன்னு இப்பத் தெரியுது. இதுல விட்டிருக்க மாட்டேன்னு நெனைக்கறேன். மார்க்கையும் பாத்தேன். தையல்காரர் பாத்ததையும் படிச்சேன்.

அந்தப் பேப்பர் கதைய நீங்க எழுதி, பாப்பா உங்க குரல்ல படிச்சா. கல்யாண வீட்டுல எல்லாம் நீங்க சொல்லி நானே கேட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் அதுல ஒரு துண்டு காணாமப் போயிருக்கு. அத நான் எழுதறேன்.

எனக்குப் படிக்கச் சொல்லிக் குடுங்கன்னு நான்தான் கேட்டேன். சரின்னீங்க. உங்களுக்கு டூட்டி இல்லாத அன்னிக்கு எல்லாம் பேப்பர வெச்சுச் சொல்லிக் குடுத்தீங்க. எழுத்துக்குக் கால் மேல இருக்கணும், தல கீழ இருக்கணும்னு நீங்கதான் திருப்பி வெச்சீங்க. நான் நம்பினேன். சமையலறைக் கதவுக்குப் பின்னாடி கரித்துண்டால எழுதிப் பழகினேன். எல்லாமே தலைகீழா. நீங்க வந்து பாத்து, "பலே"ன்னீங்க. அந்தப் பலேக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன்னு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

அப்பறம் டிரைவரும் செக்கரும் வந்தாங்க. நானா போய் உக்காரல. "நம்ம வீட்டம்மா படிக்கறதப் பாருங்கடா"ன்னு நீங்கதான் நாற்காலியப் போட்டீங்க.

அதுக்கப்பறம் நான் ஒரு பேப்பரத் தொடல. மளிகைப் பொட்டலத்துப் பேப்பரக்கூட பிரிச்சதும் கசக்கிப் போட்டுடுவேன்.

ஒண்ணு மட்டும் கேக்கறேன். அந்தத் துண்டு உங்களுக்கு மறந்தே போச்சா, இல்ல தெரிஞ்சேதான் விட்டுட்டுச் சொன்னீங்களா? இதுக்கு மட்டும் எழுதுங்க. சிரிப்பு வேண்டாம்.

நாலு ஸ்டாப் தள்ளி ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. சின்னப் பிள்ளைங்க வகுப்புக்கு அட்டை வெச்சுச் சொல்லிக் குடுக்க என்னைக் கூப்பிடறாங்க. இப்போதைக்கு காலையில மட்டும் போயிட்டு வர்றேன். நிரந்தரமா வர்றேனா இல்லையான்னு சீக்கிரம் சொல்லணும். உங்க பதிலப் பாத்துட்டுத்தான் அவங்களுக்கும் சொல்வேன், ரயிலுக்கும் சொல்வேன்.

தைலம் தீந்திருந்தா வாங்கிக்கங்க.

நான்தான்


அக்டோபர் 30

அடியே,

நான் சுகம்னு எழுதினா பொய். நீ சுகமா?

உன் கடுதாசி வந்து ரொம்ப நாளாச்சு. எழுத உக்காந்தேன், பேனா எழுதல. பேனாவ மாத்தினேன், கை எழுதல. கைய எங்க மாத்தறது? தையல்காரன்கிட்டக் கேட்டா தச்சுக் குடுப்பான், ஆனா அளவு சரியா வராது.

சமையலறைக் கதவுக்குப் பின்னாடி போய்ப் பாத்தேன். டார்ச்சு அடிச்சுப் பாத்தேன். எத்தனையோ தடவ பெயிண்ட் அடிச்சாச்சு. ஒண்ணும் தெரியல. நகத்தால ஒரு ஓரமாச் சுரண்டிப் பாத்தேன். பச்சை, அதுக்குக் கீழ நீலம், அதுக்குக் கீழ ஒரு காவி. அதுக்குக் கீழ போறதுக்குள்ள வீட்டு ஓனர் வாசல்ல வந்து நின்னுட்டாரு. "கதவ என்ன பண்றீங்க?"ன்னாரு. "என் பொண்டாட்டி எழுதி வெச்சத தேடறேன்"னேன். ஒரு மாதிரி பாத்துட்டுப் போனாரு. நாளைக்கு அவரும் எவன்கிட்டயாவது வேற மாதிரி சொல்லுவாரு.

பொத்தான நானே வெச்சுட்டேன். உள்பக்கமா வெச்சுட்டேன். சட்டையத் திருப்பிப் போட்டாத்தான் மாட்ட முடியும்.

சிரிப்பு வேண்டாம்னே. சரி. நீ கேட்டதுக்குத்தான் வர்றேன். எனக்கு நேரா வரத் தெரியாது, உனக்குத் தெரியாததா? டிப்போவுலருந்து வீட்டுக்கே நான் நாலு தெரு சுத்தித்தான் வருவேன். முப்பது வருஷமா ஏறுறவன் இறங்குறவன் எல்லார்கிட்டயும் ஏதாவது ஒண்ணு சொல்லி, அவன் பல்லப் பாத்தப்பறந்தான் டிக்கெட்டே கிழிப்பேன். பல்லு தெரியலேன்னா எனக்கு அடுத்த ஸ்டாப் பேரே மறந்து போகும். இது உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அதனால இந்தப் பக்கம் முழுக்க விசில்தான். நீ கேட்டதுக்குப் பதில் அடுத்த பக்கத்துல இருக்கு. அத ராத்திரி பகலா உக்காந்து எழுதியிருக்கேன். அதுல சிரிப்பு ஒண்ணுகூட இல்ல. சத்தியமா இல்ல.

திருப்பறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. இந்தப் பேப்பரையாவது நேரா பிடிச்சிருக்கியா, இல்ல மந்திரி மாதிரி நானும் தலைகீழா நிக்கறேனா?

சிரிச்சியா? சரி. இப்பத் திருப்பு.


நவம்பர் 8

அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. அம்மா பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பையைத் தோளில் மாட்டியபடி வாசலிலேயே நின்று பிரித்தாள். வரிக்குக் கீழே விரலை வைத்து, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் படித்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கதவு வரும் இடத்தில் ஒருமுறை நின்றாள். "நகத்தால சுரண்டினாராம்"ன்னாள், என்னைப் பார்க்காமல். மறுபடி படித்தாள். அந்த முகத்தைப் பார்த்து, சாயங்காலமே டிக்கெட்டுக்குச் சொல்லிவிடலாம் என்று நான் நினைத்தேன்.

கடைசி வரிக்கு மேலே, பேப்பரை நேராகப் பிடித்திருக்கிறாயா என்று நீங்கள் கேட்டிருந்த இடத்தில் விரல் நின்றது.

"அம்மா, அடுத்த பக்கம் இருக்கு"ன்னேன்.

"பஸ் வந்துடும்"ன்னாள். கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். கேட் வரை போய்த் திரும்பி, "நீ படிக்காத, எனக்கும் படிச்சுக் காட்டாத"ன்னாள். பஸ் அப்போது முனையில்தான் திரும்பியது. அவள் ஓடவில்லை. நடந்தே போய் ஏறினாள்.

பள்ளியில் நேற்றே, நிரந்தரமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். சாயங்காலம் சொன்னாள்.

நான் அதைப் படிக்கவில்லை, அப்பா. உங்கள் அடுத்த பக்கம் அட்டை டப்பாவுக்கு அடியில் அப்படியே இருக்கிறது. திருப்பி அனுப்பட்டுமா, இங்கேயே வைத்திருக்கட்டுமா?

உங்கள் மகள்